ஆறு மாத வாசிப்பு: மெலிந்த நாவல்கள் முந்திக்கொண்டன

கேள்வி: சமீபத்தில் நீங்கள் படித்த நாவல்கள் எவை? ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு வரியில் உங்கள் கருத்தைச் சொல்ல முடியுமா? எதைப் படிக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

தவிர்க்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எனக்கு நகராத புத்தகம் உங்களுக்கு ஓடலாம். எதை விடாமல் படித்தேன், எதைப் பாதியில் கவிழ்த்து வைத்தேன் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு வரி என்ற கணக்கும் சில புத்தகங்களுக்குத்தான் சரிப்படும். ஒன்றிரண்டு இடத்தில் முடிவையும் உளறியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். தடித்த நாவல்கள் மேல் எனக்குப் பல வருஷமாக ஒரு பயபக்தி உண்டு. அலமாரியில் முதுகு அகலமாகத் தெரிகிற புத்தகம்தான் பெரிய இலக்கியம், மெலிசாக ஒல்லியாக இருப்பதெல்லாம் ரயில் பயணத்துக்கு என்று ஒரு நினைப்பு. இந்த வருஷம் கண் சீக்கிரம் களைத்துப்போக ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் படித்தால் எழுத்து மங்குகிறது. சரி, சின்னப் புத்தகமாக எடுப்போம் என்று வேறு வழியில்லாமல்தான் ஆரம்பித்தேன். இப்போது பழைய நினைப்பை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஆரம்பித்தது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959). நூறு பக்கம்கூட இல்லை. தன் அப்பன் அம்புலியைக் குத்திக் கொன்ற காரிக் காளையைப் பிடித்து அடக்க, மச்சான் மருதனோடு வந்து நிற்கிறான் பிச்சி. ஒரு பொழுது, ஒரு திடல், அவ்வளவுதான் கதை. ஜல்லிக்கட்டைப் பார்த்தே இராதவருக்கும் அதன் சட்டதிட்டமெல்லாம் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற கிழவன் ஒருவன் பேசிப் பேசியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான்; ஆனால் பாடம் எடுக்கிற மாதிரி ஓரிடத்திலும் தோன்றவில்லை. முன்பு படித்தபோது பிச்சியின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு படித்தேன். இந்த முறை காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு பிடிபட்டால் போவது அவருடைய மானம். கடைசியில் துப்பாக்கி வெளியே வரும்போது, அந்த மனிதரிடம் வேறு எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று பட்டது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. சின்னப் புத்தகம் தந்த முதல் அடி அது.

அடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். தெருவே குடத்தோடு அலைகிறது. ஜமுனாவைக் கதாநாயகி ஆக்குகிறேன் என்று ஆசை காட்டியே பாஸ்கர் ராவ் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறான். எதற்காக வந்து வந்து போகிறான் என்பது அவளுக்கும் தெரியும், தங்கை சாயாவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சாயாவின் கணவன் ராணுவத்தில் இருக்கிறான், குழந்தை வேறொரு வீட்டில் வளர்கிறது. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. வீட்டில் இருமிக்கொண்டே கிடக்கிற வயதான புருஷன், கூடவே மாமியார். வாழ்க்கையே வேண்டாம் என்கிற நிலைக்குப் போய்விட்ட ஜமுனாவிடம் அந்த அம்மாள் தன் கல்யாணக் கதையைச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில், தன்னைவிட ரொம்ப மூத்த ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட கதை. அழுகை கிடையாது, 'உன்னைவிட நான் கஷ்டப்பட்டவள்' என்ற பீற்றல் கிடையாது, ஆறுதல்கூடக் கிடையாது. நடந்ததைச் சொல்கிறாள். நான் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். துக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது எனக்கு இந்த வயது வரை தெரியாது. எப்போதும் அதிகமாகப் பேசிவிடுவேன்.

தண்ணீர் இந்த நாவலில் ஒரு குறியீடு என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு என்னவோ குடம் குடமாகத்தான் தெரிந்தது. இடுப்பில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டு நின்று அழ முடியாது, சிந்திவிடும். அந்தப் பெண்கள் நடந்துகொண்டே இருப்பதற்கு எனக்கு அந்தக் காரணமே போதும்.

பூமணியின் 'வெக்கை' (1982). 2019-இல் வந்த 'அசுரன்' படத்துக்கு மூலம் என்பதால் பலருக்குக் கதை தெரிந்திருக்கும். படத்தை மறந்துவிட்டு எடுங்கள். பதினைந்து வயது சிதம்பரம் முதல் பக்கத்திலேயே வடக்கூரானை வெட்டிவிடுகிறான், அப்புறம் அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். திரையில் தெரிந்த ரத்தமும் வேகமும் புத்தகத்தில் அந்த முதல் பக்கத்தோடு சரி. பிறகு சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், தூங்க இடம் தேடுகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். கொலை செய்த பையன் நடுவே சாதாரணச் சிறுவனாகிவிடுகிறான். அப்பா ஒரு தடவைகூட அவனைக் கையோங்கவில்லை, பெருமைப்படுத்தவும் இல்லை. பயம் என்பது ஓடும்போது தெரிவதில்லை, உட்கார்ந்து சோறு பொங்கும்போதுதான் தெரிகிறது. இந்த ஆறு மாதத்தில் நான் படித்த அப்பாக்களில் எனக்குப் பிடித்தவர் பரமசிவம்தான்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. வாழ்ந்து கெட்டுக்கொண்டிருக்கிற ஒரு பழைய வீடு, அதற்குள் வளர்கிற லிஸி, கண்ணப்பச்சி என்று அவள் அழைக்கிற தாத்தா. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிடுகிறது. பிறகு அவள் உலகம் வீட்டுவாசல் வரைதான். பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜோடு அவளுக்கு ஏற்படும் காதலில் இருவரும் பேசிக்கொள்ளும் வார்த்தைகளை எண்ணிவிடலாம். பின்பகுதியில் கதை சற்று அவசரமாகத் திரும்புகிறது, அது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் லிஸி ஒட்டிக்கொண்டாள். அந்தக் கன்னியாகுமரி மாவட்டத் தமிழ் முதல் பத்துப் பக்கம் தடுக்கும், பிறகு அது இல்லாமல் லிஸியை யோசிக்கவே முடியாது.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974): கந்தன் என்கிறவனின் ஒரு நாள். காலையில் எழுந்து குடிக்க வழி தேடுவதில் தொடங்கி, போலீஸ் கையில் போய் முடிகிறது. அவனுக்காக வக்காலத்தும் கிடையாது, அவன்மேல் சாட்டையும் கிடையாது. சாக்கடை ஓரத்து வாழ்க்கையை எழுதுகிறேன் பேர்வழி என்று பின்னால் வந்த பல நாவல்கள் வாசகனை அதிரவைக்கப் படாதபாடு படுகின்றன. இவர் அந்த முயற்சியே செய்யவில்லை. அதனால்தான் அதிர்கிறது. இதற்கு இரண்டு வரியே போதும், ஐந்து ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்பில் ஒன்று: கன்னடத்தில் விவேக் ஷான்பாக் எழுதிய 'காச்சர் கோச்சர்'. தமிழில் கே. நல்லதம்பி. சின்ன வீட்டில் எறும்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், சித்தப்பா தொடங்கிய மசாலா வியாபாரத்தால் திடீரென்று பணக்காரக் குடும்பம் ஆகிறது. சம்பாதிப்பவர் ஒருவர், அவரைப் பாதுகாத்துக்கொண்டு சாப்பிடுபவர்கள் மற்றவர்கள். சொல்பவன் எவ்வளவு சாதுவாகச் சொல்கிறானோ அவ்வளவு நமக்குப் பயம் கூடுகிறது. எறும்பை நசுக்கும் இடத்தை முதலில் சிரித்துக்கொண்டே படித்தேன். புத்தகம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பினேன், சிரிப்பு வரவில்லை. முடிவில் என்ன நடந்தது என்று ஆசிரியர் சொல்வதில்லை. 'இது என்ன முடிவு' என்று கோபப்பட்ட நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம், நீங்கள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி 'அம்மா வந்தாள்'. தி. ஜானகிராமன், 1966. இது மறுவாசிப்பு.

இருபது வயதில் இதைப் படித்தபோது எல்லோரையும் போல அலங்காரத்தம்மாளைத்தான் பார்த்தேன். அவளோடு தொடர்புள்ள சிவசு அந்த வீட்டுக்கு வந்து போகும் விஷயம், வேதம் படித்துவிட்டு ஊர் திரும்பும் அப்பு அதைக் கண்டுபிடிக்கும் விஷயம், அந்த அம்மாவின் கம்பீரம். பையனை வேத பாடசாலையில் விட்டதே தன் பாவம் கழுவத்தான் என்பது தெரியவரும்போது கை நடுங்கியது நினைவிருக்கிறது. என்னிடம் இருப்பது யாரோ படித்துக் கைமாறி வந்த பிரதி. அந்தப் பழைய வாசகர் பென்சிலால் அலங்காரத்தம்மாளின் பேச்சு ஒன்று விடாமல் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். தண்டபாணி பேசும் இடங்களில் ஒரு கோடும் இல்லை.

இந்த முறை எனக்குத் தண்டபாணிதான் தெரிந்தார். எல்லாம் தெரிந்த புருஷன். ஜோசியம் பார்த்துக்கொண்டு, படிப்பும் வேதாந்தமுமாகக் காலம் தள்ளுகிறவர். தெரிந்தும் சும்மா இருப்பது கோழைத்தனமா, பெருந்தன்மையா, அல்லது மனைவி மேல் இருக்கிற வேறு ஏதோ ஒரு பயம் கலந்த வியப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஜானகிராமனும் பிரித்துக் கொடுக்கவில்லை. வயதான பிறகு படித்தால் புத்தகம் மாறிவிடும் என்பார்கள். எனக்கு இதில் வீட்டுக்குள் அறையே மாறிவிட்டது. முன்பு கூடத்தில் நின்றேன், இப்போது அந்த மனிதர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். குறையும் சொல்ல வேண்டும்: அப்புவை விரும்பும் இளம் விதவை இந்துவை எழுதும்போது ஜானகிராமனுக்கு அவள் அழகின் மேல் இருக்கிற மயக்கம் அவள் துயரத்தின் மேல் அவ்வளவு இல்லை. இதையும் இருபது வயதில் கவனிக்கவில்லை.

சரி, புதியவை ஒன்றிரண்டு. இமையத்தின் 'செல்லாத பணம்' (2018, சாகித்திய அகாதெமி 2020). இஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டார் சொல் கேளாமல் ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொண்டவள், உடம்பெல்லாம் வெந்து ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். பெற்றவர்களிடம் பணம் இருக்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே அது காகிதம். நாவலின் பெரும்பகுதி அந்த வராந்தாவில் காத்திருப்பதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்தங்கியவர்களுக்குத் தெரியும்: அங்கே ஒரே பேச்சைப் பத்து முறை பேசுவோம், யார் மேல் குற்றம் என்று சுற்றிச் சுற்றி வருவோம். இமையம் அதை அப்படியே எழுதுகிறார். நடுவில் எனக்குச் சலிப்பு வந்தது உண்மை. அது ஆசிரியரின் தவறா, காத்திருப்பின் குணமா என்று யோசித்துக்கொண்டே படித்து முடித்தேன். எனக்கு முக்கியமாகப் பட்டது, வில்லனாக்கிவிட்டுப் போயிருக்கக்கூடிய ரவிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுத்திருப்பது. அவன் பேசிய பிறகும் அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெறுப்பு முன்பு போல் சௌகரியமாக இல்லை. மனம் சரியில்லாத நாட்களில் இதை எடுக்காதீர்கள்.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2020, சாகித்திய அகாதெமி 2023). தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192-ஆம் பாட்டிலிருந்து. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிற அதே பாட்டு. கொங்குப் பகுதிக் குடிநாவிதர் குடும்பம், காரு மாமாவின் சாவு, அதற்கு வந்து கூடும் சொந்தங்கள். உறவுமுறையைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும், நான் பின்னட்டைக்குள் ஒரு வம்சாவளி வரைந்து வைத்துக்கொண்டேன். அழுகைக்கும் பழைய பகைக்கும் நடுவே மனிதர்கள் கனிகிற விதம் எனக்குப் பிடித்தது. இதுவும் சின்ன நாவல்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஆட்டின் கண்ணால் உலகத்தைப் பார்க்கும் இடமெல்லாம் அருமை, அரசாங்கத்தைக் கிண்டல் செய்யும் இடமெல்லாம் அவ்வளவாக இல்லை. ஆடு ஆடாக இருக்கும்போதே போதுமானதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது தடித்த புத்தகங்கள். பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) ஆயிரம் பக்கத்துக்கு மேல். 'வெக்கை' தந்த உற்சாகத்தில் எடுத்தேன். ஆண்டிக் குடும்பனும் மாரி வண்ணானும் சிறுவர்களாகத் திரிகிற தொடக்கப் பகுதிக்காகவே இதை வாங்கலாம். அந்த நட்பைப் போல ஒன்றை நான் தமிழில் வேறெங்கும் படித்ததில்லை. பிறகு தலைமுறைகள் வருகின்றன, கழுகுமலை, 1899 சிவகாசிக் கலவரம் என்று வரலாறு உள்ளே புகுகிறது, எனக்கு ஆட்கள் நழுவ ஆரம்பித்தார்கள். முந்நூறு பக்கத்தில் நிற்கிறேன். தோல்வி என்னுடையதாகவே இருக்கலாம். முக்கால் மணி நேர வாசகனுக்கு எழுதப்பட்ட புத்தகம் இல்லை அது. இருந்தாலும், நான் படித்த வரையில் வந்த வரலாற்றை விட அந்தத் தொடக்கத்தின் இரண்டு பையன்கள் எனக்கு அந்தக் காலத்தை அதிகமாகக் காட்டினார்கள் என்ற சந்தேகம் போகவில்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மூன்றாம் முறை. வாழ்நாளில் இரண்டே நாவல் எழுதியவர். இரண்டாம் உலகப் போர்க்கால மெடான், பினாங்கு, கடலில் தோணி தத்தளிக்கும் அந்தப் பக்கங்கள், தமிழர்களின் பழம்பெருமையைக் குடித்துவிட்டுக் கிழிக்கிற பேச்சுகள் எல்லாம் இன்னும் அதே வேகத்தில் இருக்கின்றன. ஆனால் கதாநாயகன் பாண்டியன் போகிற இடமெல்லாம் ஜெயிப்பது இந்த முறை கொஞ்சம் உறுத்தியது. புத்தி, வீரம், பேச்சு, சுடுவது என ஒன்றிலும் குறை வைக்கவில்லை ஆசிரியர். அவன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்கிற இடங்களில்தான் அவனும் நம்மைப் போல ஒருவன் ஆகிறான்.

மெலிந்த நாவல்களின் கட்சியில் சேர்ந்துவிட்ட என்னைத் தடுமாற வைத்த ஒரு பெரிய புத்தகம் உண்டு: தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. வங்காளத்தில் 1953-இல் வந்தது, தமிழாக்கம் த.நா. குமாரஸ்வாமி. கையைப் பிடித்து நாடி பார்த்தே ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடுகிற கிழட்டு வைத்தியர் ஜீவன் மஷாய். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற இங்கிலீஷ் டாக்டர் பிரத்யோத். நோயாளியிடம் சாவைப் பற்றிப் பேசுவது காட்டுமிராண்டித்தனம் என்கிறார் டாக்டர். சாவுக்கு ஒருவனைத் தயார் செய்வதும் வைத்தியம்தான் என்று நம்புகிறவர் மஷாய். பழைய வைத்தியம் உயர்ந்தது, புதியது தாழ்ந்தது என்று எழுதியிருந்தால் நான் நாற்பதாம் பக்கத்தில் மூடியிருப்பேன். தாராசங்கர் அந்தப் பக்கம் போகவே இல்லை. புது மருந்துகள் பிழைக்க வைக்கின்றன, மஷாய் அதைப் பார்த்து வியக்கவும் செய்கிறார்.

சொந்த மகனின் நாடியிலேயே அவர் சாவைக் கண்டுகொள்கிற இடத்தில் நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். தெரிந்ததை மறைக்கவும் முடியாத, சொல்லவும் முடியாத அப்பா. அதற்குப் பிறகு மனைவி அவரை மன்னிக்கவே இல்லை. அவள் பேசும் ஒவ்வொரு கசப்பான வார்த்தையும் நியாயமாகவே படுகிறது. கடைசியில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு, வருகிறதா வருகிறதா என்று காத்திருக்கிறார். மொழிபெயர்ப்பின் நடை பழையது, சில இடங்களில் சமஸ்கிருத வாடை தூக்கலாக இருக்கும். நூறு பக்கத்துக்குப் பிறகு மஷாயின் குரலே அப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது முடிக்க. அதை இருநூறு பக்கத்தில் எழுதியிருக்க முடியாது. அந்தக் கிழவருக்கு வயதாவதை நாமும் கூட இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்கு என்றால் எது என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். 'தண்ணீர்'. இதுவரை நாவலே படித்ததில்லை, எதில் ஆரம்பிக்கட்டும் என்றால் 'வாடிவாசல்'.

இப்போது மேசையில் இருப்பது ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' (2004). ஆம், மறுபடியும் தடித்ததுதான். கட்டுமரத்தோடு கடலில் மாட்டிக்கொண்ட சூசையும் கோத்ராப்பிள்ளையும் சிலுவையும் இன்னும் கரை காணவில்லை. தினம் முக்கால் மணி நேரம் நானும் கூடப் போய்விட்டு வருகிறேன்.